ஈர அச்சுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்

சயனோடைப் அச்சு கெட்டுப்போனால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். எந்த இடத்தில், எந்த வடிவத்தில் கெட்டிருக்கிறது என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் அந்தத் தாளிலேயே இருக்கும்.

1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த முறை இது. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு கரைசல்களைக் கலந்து தாளில் பூசி, இருட்டில் காயவைத்து, மேலே நெகடிவை அழுத்தி வெயிலில் வைக்கிறோம். வெயில் பட்ட இடத்தில் பிரஷ்யன் நீலம் தங்கும். படாத இடத்து மருந்து கழுவும் தண்ணீரோடு போய்விடும். வெயில் போதாவிட்டால் முகத்தின் மென்சாயல்கள் முதலில் கரைந்துபோய், தலைமுடியும் கண்மணியும் மட்டும் நிற்கும். ஒரு மூலை மட்டும் கூர்மையிழந்து மங்கினால் சட்டம் அங்கே நெகடிவை அழுத்தவில்லை. இவை எளிய பாடங்கள்.

வெயில் மிகுந்த அச்சு வேறு ரகம். அடர்ந்த நிழல் விழ வேண்டிய இடமெல்லாம் சாம்பல் பூத்து வெளிறி, ஒளியும் நிழலும் இடம் மாறியதுபோல் இருக்கும். தொட்டியில் பார்த்ததுமே தூக்கியெறியத் தோன்றும். ஆனால் அங்கே நீலம் அழியவில்லை, நிறமற்ற வடிவத்துக்குப் போயிருக்கிறது. உலர உலரக் காற்றின் ஆக்சிஜன் பட்டு ஆழ்நீலம் திரும்பும். சாம்பலுக்குள்ளிருந்து அந்த நீலம் ஊறி வருவதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு தாளை வெயிலில் கூடுதலாக விட்டுவைக்கலாம்.

அதற்காகக் கறையையும் கோணல் பூச்சையும் 'கைவேலையின் அழகு' என்று புகழ்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்னா அட்கின்ஸ் 1843 முதல் பத்தாண்டு, கடற்பாசிகளைத் தாள்மீது நேரடியாகவே வைத்து இதே நீலத்தில் அச்சிட்டார். அவற்றில் நூலிழை போன்ற கிளைகள்கூடப் பிசிறில்லாமல் நிற்கின்றன. அது தற்செயலாக வருவதல்ல.

ஆளை ஏமாற்றும் கோளாறு ஒன்று உண்டு. பூச்சு சரி, வெயில் சரி, ஆனாலும் நீலம் தாள் முழுக்கச் சீராக வெளுத்து மஞ்சளிக்கும். குற்றவாளி பெரும்பாலும் விலையுயர்ந்த தாள்தான். பழுப்பேறாமல் இருக்க அதில் கால்சியம் கார்பனேட் சேர்த்திருப்பார்கள். அந்தக் காரம் பிரஷ்யன் நீலத்தைச் சிதைத்துவிடும். உப்புத் தண்ணீரும் காரமாக இருந்தால் இதையே செய்யும். கழுவும் நீரில் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் கலந்து பார்த்தால் காரம்தான் காரணமா என்று தெரிந்துவிடும். இதே சிதைவைச் சலவைச் சோடாவால் வேண்டுமென்றே வரவழைப்பவர்களும் உண்டு. வெளுத்த அச்சில் இரும்பு மிஞ்சியிருக்கும். கடுந்தேநீரில் ஊறவைத்தால் டானினோடு அது சேர்ந்து, பழைய எழுதுமை போலக் கருமை ஏறும்.