காணாத முகமும் கண்ட கனவும்

பிரம்மபுத்திரையின் கரையிலுள்ள இந்நகரில் சென்ற ஆண்டு நம்மவர் இல்லத் திருமணம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். மாலை மாற்றும் நேரத்தில் முதிய பெண்டிர் நால்வர் ஆண்டாளின் வாரணமாயிரத்தைப் பாடத் தொடங்கினர். இங்கேயே பிறந்து இங்கேயே பயிலும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தன் பாட்டியின் சேலையைப் பற்றி இழுத்து, "பாட்டி, அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிஜமாக நடந்ததா, கனவு மட்டுந்தானா?" என்று கேட்டாள். "கனவுதான்டி கண்ணே, பேசாமல் கேள்" என்றார் பாட்டி. சிறுமி விடவில்லை. "அப்படியானால் நிஜமான கல்யாணத்தில் இதை ஏன் பாடுகிறார்கள்?" என்றாள். அதற்குள் கெட்டி மேளம் முழங்கிவிட்டது. வினா விடையின்றி நின்றது. அவ்வினாவுக்கு நாம் தேட முயன்ற விடையே இக்கட்டுரை.

நேரில் காணுமுன் கனவில் காதலரைக் காண்பது நம் பழைய அகப்பாடல்களின் நெறி அன்று. தொல்காப்பியர் வகுத்த களவொழுக்கம் காட்சியில் தொடங்குகிறது. ஒருவனும் ஒருத்தியும் எதிர்ப்பட்டுக் கண்ட பின்னரே மற்றவை யாவும் நிகழும். கனவும் அகத்தில் உண்டு. பொருளியலில் அதற்கு இடம் தரும் ஆசிரியர், மகள் உடன்போக்கில் சென்றபோது தாய்க்கும் கனவு உரியது என்கிறார். ஆயினும் அக்கனவில் வருபவர் முன்பே அறிந்தவர், பிரிந்து சென்றவர். வள்ளுவர் 122-ஆம் அதிகாரத்தைக் கனவுநிலை உரைத்தல் என்று அமைத்தபோதும் பொருள் இதுவே. அங்கே பேசுபவள் கணவனைப் பிரிந்த தலைவி. தூது கொண்டுவந்த கனவுக்கு எதனை விருந்தாகப் படைப்பேன் என்கிறாள். நனவு என்ற ஒன்று இல்லாதிருந்தால் அவர் பிரியவே மாட்டாரே என்கிறாள். நினைவு கனவாகத் திரும்பி வருகிறது. காணாத ஒருவனைக் கனவு காண அவளுக்குத் தேவை எழவில்லை.

அவ்வகையில் காணாதவனைக் கண்டவள் உஷை. அவள் கதை நடந்த இடமாக மக்கள் போற்றும் ஊர்களுள் ஒன்று நமக்கு அண்மையிலேயே இருக்கிறது. தேஜ்பூர் நகரையும் சோணிதபுரத்தையும் ஒன்றாகவே அசாமிய மக்கள் கருதுகின்றனர். இரண்டு பெயருக்கும் குருதி நகர் என்பதே பொருள். அங்குள்ள அக்னிகட் குன்றில்தான் வாணாசுரன் தன் மகள் உஷையைத் தீயரண் சூழக் காத்தான் என்பர். இமயச் சாரலில் உள்ள ஊகிமடமும் உஷையின் பெயரைத் தனக்கு உரிமை கொண்டாடுகிறது. ஊர்களின் வழக்கை நாம் தீர்க்க வேண்டியதில்லை; கதை எங்கெல்லாம் வேர் விட்டது என்பதை அறிந்தால் போதும்.

தமிழகமும் இக்கதையைப் பண்டே அறிந்திருந்தது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் குடக்கூத்தும் பேடியாடலும் வாணனின் நகரோடு தொடர்புடையவை. மகள் பொருட்டு வாணன் அநிருத்தனைச் சிறைவைத்த செய்தியை உரையாசிரியர் அங்கே எடுத்துரைக்கிறார். சிறைப்பட்ட பேரனை மீட்க வந்த மாயோன் ஆடியது குடம். மகனை மீட்க வந்த காமன் ஆடியது பேடு. புகாரின் அரங்கில் ஆடிய கணிகையின் காலடியில் பிரம்மபுத்திரைக் கரையின் கதை கிடந்தது என்பது, தொலைவில் வந்து வாழும் நமக்கு ஓர் ஆறுதலே. பிற்காலத்தில் தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் வேங்கடராம சாஸ்திரியார் தெலுங்கில் இயற்றிய உஷா பரிணயமும் பாகவத மேளாவில் இடம்பெற்றது. அசாமியத்தில் ஜோதிபிரசாத் அகர்வாலா சோணித குன்வரி நாடகத்தை எழுதினார்.

கதையின் உயிர்நிலை எது? விட்டுணு புராணத்தில் பார்வதி உஷைக்கு ஒரு வாக்களிக்கிறாள்: வைகாசி வளர்பிறைத் துவாதசியில் எவன் கனவில் வருகிறானோ அவனே உன் கணவன். அங்கே கனவு ஒரு முன்னறிவிப்பு. தெய்வம் கூறியது நடந்தது, அவ்வளவே. பாகவதத்தின் பத்தாம் கந்தமோ அந்த வரத்தை எடுத்துரைக்கவில்லை. முன்பு கண்டும் கேட்டும் அறியாத ஒருவனோடு கனவில் கூடியவள், விழித்ததும் "எங்கே சென்றாய்?" என்று அரற்றுகிறாள், தோழியர் நடுவே இருப்பதை உணர்ந்து நாணுகிறாள். வாக்குறுதி இல்லை; சான்று இல்லை; பெயர்கூட இல்லை. அவளிடம் இருப்பது ஒரு முகம் மட்டுமே. கவிதை என்ற வகையில் பாகவதமே உயர்ந்தது என்பது நம் கருத்து. வரம் வந்துவிட்டால் ஐயம் போய்விடும். ஐயம் போனால் அப்பெண்ணின் துணிவுக்கு வேலை இல்லை.

பெயரற்ற முகத்துக்குப் பெயர் தேடித் தருபவள் தோழி சித்திரலேகை. அவள் தூது செல்லவில்லை, தூரிகை எடுக்கிறாள். தேவர், கந்தருவர், சித்தர், நாகர், இயக்கர் என்று வரைந்து, மனிதருக்கு வந்து, விருட்டிணி குலத்தாரை ஒவ்வொருவராகத் தீட்டுகிறாள். பிரத்தியும்நன் உருவைக் கண்டதும் உஷை நாணுகிறாள். அவன் மகன் அநிருத்தன் உருவைக் கண்டதும் தலை கவிழ்ந்து, புன்முறுவலோடு, "இவனே, இவனே" என்கிறாள். மாமனாராக வரவேண்டியவர் முகத்தில் மணாளன் சாயலைக் கண்டு முதலில் நாணிய அந்த ஒரு நொடியே இக்காட்சி முழுவதையும் மெய்யாக்குகிறது. கனவு பொய்யன்று என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டுமோ? பின் நிகழும் நாகபாசமும் போரும் வாணன் தோள்கள் அறுபடுதலும் பெரியவை. ஆயினும் நெஞ்சில் நிற்பவை அவையல்ல.

இவ்வகைக் காதலுக்கு வேறு வழிகளும் உண்டு. சுபந்துவின் வாசவதத்தையில் இளவரசன் கந்தர்ப்பகேதுவும் கன்னி வாசவதத்தையும் ஒருவரையொருவர் கனவிலேயே காண்கின்றனர். அங்கே சமநிலை உண்டு. ஆனால் சொல்லணிகளின் நெரிசலில் ஏக்கம் மூச்சுத் திணறுகிறது. புகழேந்தியின் நளவெண்பாவில் தமயந்தி கனவு காணவில்லை. அன்னத்தின் வாய்மொழி கேட்டுக் காதலிக்கிறாள். உஷைக்கு முகம் தெரியும், பெயர் தெரியாது. தமயந்திக்குப் பெயர் தெரியும், முகம் தெரியாது.

இருவரிலும் வேறானவள் வில்லிபுத்தூர்க் கோதை. அவளுக்குப் பெயரும் தெரியும், உருவும் தெரியும், கோயிலில் நாள்தோறும் கண்ட உருவம்தான். தெரியாதது ஒன்றே: அவன் வருவானா என்பது. நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களும் அந்த ஒரு வினாவின் மேல் நிற்கின்றன. அவற்றுள் ஆறாம் பதிகம் வாரணமாயிரம். பத்துப் பாசுரங்களில் கனவு. பதினோராவது, ஓதுவார் பெறும் பயன்.

கனவில் காதலரைக் காணும் பெண் பெரும்பாலும் தழுவலையே காண்பாள். உஷை கண்டதும் அதுவே. கோதை கண்டதோ ஒரு கல்யாண வீடு. யானைகள் சூழ அவன் ஊர்வலம் வருகிறான். நாளை மணம் என்று நாள் குறிக்கப்படுகிறது. கமுகுப் பந்தல் எழுகிறது. இந்திரனும் தேவரும் வந்து பெண் பேசுகின்றனர். அந்தரியாகிய துர்க்கை கூறைப்புடவை உடுத்தி மாலை சூட்டுகிறாள். துர்க்கை கண்ணனுக்குத் தங்கை ஆதலின் அது நாத்தனார் செய்யும் முறைமை. நாற்றிசைத் தீர்த்தம் வருகிறது, காப்பு நாண் கட்டப்படுகிறது, மத்தளம் கொட்ட, முத்துப் பந்தலின் கீழ் அவன் கைப்பற்றுகிறான், தீவலம் செய்கின்றனர். அவனே தன் கையால் அவள் தாளைப் பற்றி அம்மிமேல் வைக்கிறான். கனவில் மயங்கியவள் ஒரு சடங்கையும் அவசரமாகக் கடக்கவில்லை. தாலி கட்டுதல் மட்டும் இப்பதிகத்தில் இல்லை. திருமணத்தைப் பாடும் அகநானூற்று 86, 136-ஆம் பாடல்களிலும் அது இல்லாமை கருதத்தக்கது. அக்கால வழக்கை அறிய விழைவோர்க்கு இவை பயன்படும்.

நம் நெஞ்சைத் தொட்டது வேறொரு செய்தி. ஒன்பதாம் பாசுரத்தில் அவளுடைய தமையன்மார் வருகின்றனர். தீ வளர்த்து, அவளை முன் நிறுத்தி, அச்சுதன் கையின்மேல் அவள் கையை வைத்துப் பொரி இடச் செய்கின்றனர். தமையன்மார் எங்கிருந்து வந்தனர்? துளசிச் செடியின் கீழ்க் கண்டெடுக்கப்பட்டுப் பெரியாழ்வாரால் வளர்க்கப்பட்டவள் என்றல்லவா அவள் வரலாறு கூறுகிறது? உடன்பிறந்தார் இல்லாத பெண் அவள். பொரியிடும் சடங்கிலோ பெண்ணின் உடன்பிறந்தான் நிற்க வேண்டும். எனவே கனவு அவளுக்குத் தமையன்மாரையும் படைத்துத் தந்தது. மணாளனை மட்டும் வேண்டியவள் அல்லள் அவள். அவனோடு தனக்கொரு சுற்றத்தையும், கூடி நின்று வாழ்த்தும் ஓர் ஊரையும் வேண்டியவள்.

இப்பதிகத்தை நிறைவின் பாடலாகக் கொள்வோர் பலர். உயிர் இறையை அடையும் பேற்றைக் கூறுவது என்பது வைணவச் சான்றோர் கண்ட பொருள். அதனை மறுக்க நாம் முற்படவில்லை. ஆனால் பதிகங்களின் வரிசையை நோக்க வேண்டும். முதற் பதிகத்திலேயே மானிடர்க்கு மணம் பேசினால் உயிர் வாழேன் என்று காமனிடம் சூளுரைத்தவள் அவள். ஆறாம் பதிகத்தில் மணம் முடிகிறது. ஏழாம் பதிகத்தில் அவள் செய்வது என்ன? வெண்சங்கை விளித்து, கண்ணன் வாயின் சுவையும் மணமும் எப்படி என்று வினவுகிறாள். எட்டில் வேங்கடத்து மேகங்களைத் தூது விடுகிறாள். கைப்பற்றப்பட்டவள் சங்கிடம் கேட்பதேன்? கனவு கலைந்துவிட்டது. விழித்த பின்னரும் அவள் கன்னியாகவே இருக்கிறாள். அதனால்தான் ஒவ்வொரு பாசுரத்தின் முடிவிலும் தான் கண்டது கனவு என்பதைத் தோழிக்கு அவள் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறாள். நிகழ்ந்தது என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளாத இந்த நேர்மையே இப்பதிகத்தின் பெருமை என்று நாம் கருதுகிறோம். நிறைவை மட்டும் கேட்டுவிட்டு ஏக்கத்தைக் கேளாது விடுவோமாயின், பாதிப் பாட்டையே கேட்டவர்களாவோம்.

இனிச் சிறுமியின் வினாவுக்கு வருவோம். கனவில் நடந்ததை நனவில் ஏன் பாடுகிறோம்? அன்றைய திருமணத்தில் ஒன்றைக் கண்டோம். மணமகளுக்கு உடன்பிறந்தான் இல்லை. பொரியிடும் வேளையில் எதிர்வீட்டு இளைஞன், அசாமிய மொழி பேசுபவன், வேட்டி உடுத்தி வந்து நின்றான். மாமன் முறை செய்தவர் அலுவலகத்தில் உடன் பணியாற்றும் திருநெல்வேலிக்காரர். அம்மி கிடைக்காமல் ஆற்றுக் கல் ஒன்றைக் கழுவி வைத்திருந்தார்கள். ஊரும் உறவும் ஆயிரம் கல்லுக்கு அப்பால் இருக்க, இல்லாத சுற்றத்தை இருப்பதாக ஆக்கிக்கொண்டு அத்திருமணம் நடந்தேறியது. கோதை கனவில் செய்ததை நாம் விழித்திருந்தே செய்கிறோம். அவளுக்குக் கிட்டாததை நம் பெண்களுக்கு ஆக்கித் தருகிறோம் என்ற நினைவோடு பாடினால், அப்பாட்டு அம்மண்டபத்துக்கு மிகவும் பொருத்தமே.

இன்னொன்றும் சொல்லி முடிப்போம். உஷையும் கோதையும் பெற்றோர் தேர்ந்து காட்டிய முகத்தைக் கனவு கண்டவர்கள் அல்லர். ஒருவளின் தந்தை காதலனைச் சிறையிட்டான்; மற்றவளின் தந்தை மகள் சொல்லைக் கேட்டுத் திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்றார் என்பது வரலாறு. நம் வீட்டுப் பிள்ளைகளும் கனவு காண்பார்கள். அவர்கள் காணும் முகம் நம் மொழி பேசும் முகமாக இல்லாமலும் போகலாம். அந்நாளில் தீயரண் எழுப்பும் வாணன் வழியா, உடன் நடந்து செல்லும் பெரியாழ்வார் வழியா என்பதை நாம் ஒவ்வொருவரும் தெளிந்தாக வேண்டும். கனவைப் பாடலாக ஏற்றுக்கொண்ட நாம், அக்கனவைக் காணும் பிள்ளையையும் ஏற்றுக்கொள்வதே முறையாகும்.