சாண்டி திரும்பிய திசை

2012 அக்டோபர் 29 இரவு நியூஜெர்சியின் பிரிகன்டைன் அருகே சாண்டி புயல் கரையைக் கடந்தது. ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே ஐரோப்பிய வானிலை மையத்தின் கணினி மாதிரி, புயல் வடக்கே சென்று இடப்பக்கம் திரும்பிக் கரையேறும் என்று காட்டியிருந்தது. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரியோ அதை நடு அட்லாண்டிக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ நான்கு நாள் இருக்கும்போதுதான் அதுவும் கரைப்பக்கம் வந்தது. ஐரோப்பிய மாதிரியை நம்பினால் போதும் என்ற எண்ணம் அன்று வேரூன்றியது.

அந்த வெற்றி மெய்யானது. அந்தப் பகுதிக்கு வரும் புயல்களை மேலைக்காற்று வழக்கமாக வடகிழக்கே தள்ளிவிடும். அந்த வழியை அடைத்து நின்ற உயர் அழுத்தத்தை அத்தனை நாள் முன்பே கணித்தது பெரிய சாதனை. ஆனால் அமெரிக்க மாதிரி ஏன் தவறியது? கணினித் திறன் போதவில்லை என்றே பலரும் சொன்னார்கள். அதற்குப் பணமும் ஒதுக்கப்பட்டது. பின்னர் வந்த ஓர் ஆய்வு சுட்டிய இடம் வேறு. மாதிரியின் ஒரு கட்டத்துக்குள் பல திரள்மேகங்கள் அடங்கிவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிட முடியாது, அவற்றின் விளைவைத் தோராயமான சூத்திரத்தால்தான் சேர்க்கிறார்கள். அந்தச் சூத்திரத்தை மாற்றியதும் சாண்டியின் பாதையே மாறியது. மேகத்தைக் கையாளும் முறை ஒரு கண்டத்தின் கரையையே தப்பவிடச் செய்யும் என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

தவறு ஐரோப்பிய மாதிரிக்கும் நேர்ந்தது. 2015 ஜனவரியில் நியூயார்க் நகரில் இரண்டடிப் பனி கொட்டும் என்ற எச்சரிக்கைக்கு அதன் கணிப்பும் வலுச்சேர்த்தது. சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 9.8 அங்குலம். அந்த முறை ஜிஎஃப்எஸ்தான் உண்மைக்கு அருகில் இருந்தது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் வாக்கின் சூறாவளியை மற்ற மாதிரிகள் பலவும் அமெரிக்கக் கரைக்கு இழுத்தபோது, கடலுக்குள் போகும் என்று ஐரோப்பிய மாதிரி சரியாகச் சொன்னது. சராசரியில் அது முந்தி நிற்கிறது. வரப்போகும் புயலுக்கு அந்தச் சராசரி உத்தரவாதம் ஆகாது.

தொலைக்காட்சியில் நூடுல்ஸ்போலப் பின்னிக்கிடக்கும் பாதைக் கோடுகளையும் நான் ஏற்கமாட்டேன். புயல் இப்போது போகும் திசையை அப்படியே நீட்டிப் போட்ட கோடும், வளிமண்டலம் முழுவதையும் கணக்கிட்ட கோடும் அதில் ஒரே தடிமனில் ஓடுகின்றன. மதிப்புள்ளது குழுமக் கணிப்பு. தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஐரோப்பிய மையம் 50 முறை கணக்கிடுகிறது. அவை ஒருங்கே சேர்ந்தால் நம்பலாம். சிதறினால் அந்தச் சிதறலைத்தான் மக்களிடம் சொல்ல வேண்டும்.

2022இல் புளோரிடாவைத் தாக்கிய இயன் சூறாவளிக்கு முந்தைய நாட்களில் முன்னறிவிப்பின் நடுக்கோடு டாம்பாவைச் சுற்றியே இருந்தது. தெற்கே லீ கவுண்டியில் வெளியேற்ற உத்தரவு வந்தது கரையைக் கடப்பதற்கு முந்தைய நாள்தான். புயல் அந்தக் கவுண்டியின் கயோ கோஸ்டாவில் கரையேறியது. ஃபோர்ட் மையர்ஸ் கடற்கரையைக் கடல் மூடியது. மூன்றில் இரண்டு தடவை புயலின் மையம் இதற்குள் இருக்கும் என்பதே நடுக்கோட்டைச் சுற்றி வரையும் முன்னறிவிப்புக் கூம்பின் பொருள். கடல்நீர் எவ்வளவு உயரும் என்று அது சொல்வதில்லை. ஆகவே மாதிரிகள் தேறிவிட்டன; அவற்றை ஒற்றைக் கோடாகச் சுருக்கி மக்களிடம் கொடுக்கும் முறை தேறவில்லை. நடுக்கோட்டை எடுத்துவிட்டு, கடல் எந்தத் தெருவரை வரக்கூடும் என்ற வரைபடத்தை முதலில் காட்ட வேண்டும்.