சிலம்பும் செம்மரமும்

கோவலனை வெட்டியவன் பெயர் என்ன? சிலப்பதிகாரத்தைக் கரைத்துக் குடித்த புலவரைக் கேட்டுப் பாருங்கள் தோழர்களே, விடை கிடைக்காது! காவலர் கூட்டத்தில், குடிவெறியில் வாளை வீசியவன் ஒருவன், அவ்வளவே தெரியும். பழியைத் திருப்பிவிட்ட பொற்கொல்லனுக்கும் காப்பியம் பெயர் சூட்டவில்லை. பெயரற்ற இருவரால் ஒரு குற்றமற்றவன் மாண்டான்.

ஆயினும் வழக்கு நின்றுவிடவில்லை. வாள் பிடித்தவன் எவன் என்று தேடிக் கண்ணகி காலம் கழிக்கவில்லை. அந்த வாளுக்கு ஆணை தந்த இடம் எது என்று பார்த்தாள். நேரே அரசவைக்குச் சென்றாள். கையில் கண்ணீர் மட்டுமல்ல, சான்றும் இருந்தது. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்போ முத்துப்பரல் கொண்டது. சிலம்பு உடைந்தது, உண்மை தெறித்தது, தவறு தனதே என்று ஏற்ற மன்னன் உயிரும் பிரிந்தது. கொன்ற கை தெரியாவிடினும் விடை சொல்லவேண்டிய இருக்கை தெரியும் என்ற பேருண்மையைத் தமிழுக்குத் தந்த இடம், வழக்குரை காதை. அதைப் போற்றுகிறோம்.

ஆனால், போற்றுவதோடு நின்றுவிட்டால் அது திறனாய்வாகுமா? அதே காப்பியம் வேறு இரண்டு விடைகளையும் தருகிறதே! கட்டுரை காதையில் மதுராபதி என்னும் தெய்வம் வருகிறது. முற்பிறப்பில் சங்கமன் என்ற வணிகனைக் கொல்லக் காரணமாயிருந்தவன் கோவலன். அந்த வினையே இப்பிறப்பில் அவனை வெட்டியது என்கிறது. அரசன் ஏற்றுக்கொண்ட பழியைத் தெய்வம் வந்து துடைத்துவிடுகிறது! குற்றவாளி யார்? ஊழ். ஊழைக் கூண்டில் ஏற்ற முடியுமா? முடியாது. வழக்கு முடிந்தது!

மூன்றாவது விடை இதைவிடக் கொடியது. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகிக்கென்று ஒரே நாளில் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்கிறது நூல். தவறு செய்தவன் ஒருவன். தலை கொடுத்தவர் ஆயிரவர்! அவர்களுள் கோவலனைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர்? அதனைக் கேட்பாரில்லை.

கேள்வி, ஊழ், கூட்டப்பலி என்ற இம்மூன்றும் பழங்கதையோடு போயினவா? சவ்வாது மலையில் நின்று பாருங்கள்!

2015 ஏப்ரல் 7. திருப்பதியை அடுத்த சேசாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தனர் என்று சொல்லப்பட்ட தமிழர் 20 பேர் ஆந்திரச் சிறப்புக் காவற்படையின் துப்பாக்கிக்கு இரையாயினர். கல்லும் கோடரியும் கொண்டு தாக்கினர், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. முதல் நாளே பேருந்திலிருந்து இறக்கிப் பிடித்துச் சென்றனர் என்று, உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சி கூறினர். மாண்டவர்களில் பலர் சவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்த கூலிகள்.

யார் பொறுப்பு? எந்த விரல் விசையை அழுத்தியது என்பதை மலைவீட்டு மனைவி அறியாள். கூலி ஆசை காட்டி வண்டியேற்றிய தரகனின் பின்னால் இருந்தவனை அறியாள். 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கும் அந்த மரத்தைக் கடல் கடத்திச் சீனம்வரை விற்றுப் பொருள் குவித்தவனையும் அறியாள். வெட்டியவனுக்குக் குண்டு, விற்றவனுக்குத் திரை!

"எல்லாம் தலைவிதி" என்றது ஒரு குரல். மதுராபதியின் குரல் அது. மலையில் பிறந்தவனெல்லாம் கடத்தல்காரன் என்றது இன்னொரு குரல். இங்கே ஆந்திரப் பேருந்துகள்மீது கல்லெறிந்ததும் அதன் எதிரொலிதான். பேருந்து ஓட்டியவனா சுட்டான்? அது வெற்றிவேற்செழியன் வழி. அநீதியை எதிர்ப்பவன் அந்த வழியில் ஓரடி வைத்தாலும், எதிர்க்கும் தகுதியை இழக்கிறான்.

கண்ணகியின் வழியில் நடந்தவர்களும் உண்டு. மலையடிவாரத்துக் குடும்பங்கள் சில, உடல்களை எரிக்க மறுத்தன. மறு பிணப்பரிசோதனை வேண்டும் என்று நீதிமன்றப் படியேறின. உயர்நீதிமன்ற ஆணையால் 6 உடல்கள் மீண்டும் ஆராயப்பட்டன. அந்த உடல்களே அவர்கள் கைச்சிலம்பு! எழுத்தறிவு குறைந்த ஏழைகள், சாம்பலாக்கிவிட்டால் சான்று போகும் என்பதை அறிந்திருந்தனர்.

இதனால் பயன் உண்டா என்று ஐயுறுவோர் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியைப் பார்க்கட்டும். 1992 சூன் 20 அன்று, சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்தப் பழங்குடிச் சிற்றூரைச் சூறையாடினர். பெண்கள் 18 பேரைச் சீரழித்தனர். அன்று அது பெயரற்ற சீருடைக் கூட்டம். ஊரார் ஊழை நோகவில்லை, வழிப்போக்கனை அடிக்கவில்லை, கேட்டார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கூட்டம் 269 பெயர்களாகப் பிரிந்தது. 54 பேர் இறந்துபோக, எஞ்சிய 215 பேரையும் 2011-ல் தருமபுரி நீதிமன்றம் தண்டித்தது. 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பத்தொன்பது ஆண்டுகள்! தாமதம்தான், ஆனால் "யாரோ" என்ற சொல் தோற்றது.

எனவே இளைஞர்களே, சிலம்பைப் படியுங்கள். கட்டுரை காதையை ஐயத்தோடு படியுங்கள், ஆயிரவர் பலியை வெட்கத்தோடு படியுங்கள், வழக்குரை காதையை மட்டும் பயிற்சியாகப் படியுங்கள். குற்றவாளி தெரியவில்லை என்று எவரேனும் சொன்னால், தெரியாமல் வைத்திருப்பவர் யார் என்று கேளுங்கள். ஆணைக்கு ஏடு உண்டு, துப்பாக்கிக்குக் கணக்கு உண்டு, பதவிக்குப் பொறுப்பு உண்டு. ஊழுக்குத்தான் முகவரி இல்லை, ஆட்சிக்கு உண்டு!