ஓங்கு, ஒடுங்கு, கடத்தி: மரபியல் பேசும் மொழி

தமிழ்வழியில் அறிவியல் படித்தவர்களுக்கு மரபியலின் முதல் பாடம் இரண்டு சொற்களாகவே மனதில் தங்கியிருக்கும்: ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு. பட்டாணிச் செடியில் நெட்டை ஓங்கும், குட்டை ஒடுங்கும். கலைச்சொற்கள் என்பதால் இவற்றை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் 'ஒடுக்கம்' என்ற சொல் அறிவியல் வகுப்புக்குள் நுழைவதற்கு வெகுகாலம் முன்பே நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. அடக்க ஒடுக்கமான பெண் வேண்டும் என்கிறது மணமகள் தேவை விளம்பரம். பெண்பிள்ளை ஒடுங்கி உட்கார வேண்டும் என்கிறாள் பாட்டி. ஓங்குவது எது என்று கேட்டால் கை, குரல், அதிகாரம் என்று எவரும் சொல்லிவிடுவார்கள். இந்தச் சொற்களோடு வளர்ந்த பதினைந்து வயதுப் பெண் மரபியல் பாடத்தைத் திறக்கும்போது, உயிரின் அடித்தளத்திலும் ஒன்று ஓங்கத்தான் செய்யும், இன்னொன்று ஒடுங்கத்தான் வேண்டும் என்ற படம் அவளுக்குக் கிடைக்கிறது. அந்தப் படம் அறிவியல் தந்ததா, மொழி தந்ததா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1856 முதல் 1863 வரை புருன் நகர மடத்தின் தோட்டத்தில் கிரகோர் மெண்டல் பட்டாணியை வளர்த்தார். 1865இல் வாசித்து 1866இல் அச்சான கட்டுரையில் அவர் ஏழு பண்புகளைப் பின்தொடர்ந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தால் முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. அவற்றைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டால் அடுத்த தலைமுறையில் 5474 உருண்டை, 1850 சுருக்கம்; அதாவது ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. காணாமல் போய்த் திரும்பிவந்த பண்புக்கு மெண்டல் சூட்டிய பெயருக்கு லத்தீன் வேரில் 'பின்வாங்குதல்' என்று பொருள். கலப்பினத்தில் அது விலகி நிற்கிறது, பிறகு சற்றும் மாறாமல் திரும்பி வருகிறது என்பதே அந்தப் பெயருக்கு அவர் சொன்ன காரணம். அவரை வியக்கவைத்தது அந்தத் திரும்பிவருதல்தான். ஒரு தலைமுறை முழுக்கக் கண்ணில் படாத பண்பு, நிறம் மங்காமல், பாதியாகக் கரையாமல் மீண்டும் வருகிறது என்றால் உள்ளே ஏதோ ஒன்று முழுசாகக் காக்கப்படுகிறது. மரபணு என்ற எண்ணமே அங்கேதான் தொடங்கியது. தமிழ்ச்சொல்லில் ஒடுங்குவது மட்டும் மிஞ்சியது. திரும்பிவருவது விடுபட்டுப்போனது.

அந்தச் சுருங்கிய விதைக்குள் நடப்பது என்ன என்பது 1990இல் தெரியவந்தது. மாவுச்சத்தைக் கிளைகளாகப் பின்னும் நொதி ஒன்றைச் செய்வதற்கான மரபணுவுக்குள், வேறொரு டிஎன்ஏ துண்டு வந்து செருகிக்கொண்டிருக்கிறது. இரண்டு பிரதிகளும் அப்படி இருந்தால் நொதி கிடைக்காது. விதையில் சர்க்கரை மிகும், அது தண்ணீரை மிகுதியாக இழுக்கும், காயும்போது தோல் சுருங்கும். ஒரு பிரதி வேலை செய்தாலே விதை உருண்டையாக இருக்கப் போதும். இதில் போட்டி எதுவும் இல்லை. ஒன்று மற்றதை அடக்கவில்லை, மற்றது பணியவும் இல்லை. அந்தக் கலப்பின விதையின் மாவுமணிகளை நுண்ணோக்கியில் பார்த்தால் அவை இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவில் இருக்கின்றன. தோலைப் பார்த்தால் 'ஓங்கு', மாவுமணியைப் பார்த்தால் இரண்டும் சமம். ஓங்குதல் மரபணுவின் குணம் அல்ல. நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. அங்கே செருகிக்கொண்ட துண்டோ, பார்பரா மெக்லின்டாக் 1940களில் மக்காச்சோளத்தில் கண்டறிந்த இடம்பெயரும் மரபணுக்களின் இனத்தைச் சேர்ந்தது. நெடுங்காலம் சகாக்கள் பொருட்படுத்தாத அந்தக் கண்டுபிடிப்புக்கு 1983இல், அவருடைய 81ஆம் வயதில், நோபல் பரிசு கிடைத்தது.

ஓங்கு என்றால் வலிமையானது, பெரும்பான்மையானது என்ற எண்ணமும் நிற்பதில்லை. ஹண்டிங்டன் நோய் ஓங்கு பண்பு, அரிதானது. 'ஓ' இரத்த வகை ஒடுங்கு பண்பு. அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறது.

மெண்டலின் கட்டுரையில் இன்னொரு முடிவு உண்டு. பாடங்கள் அதைப் பெரும்பாலும் வேகமாகக் கடந்துபோகின்றன. மகரந்தம் எந்தச் செடியிலிருந்து வந்தது, சூல் எந்தச் செடியுடையது என்பதை மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தார். விளைவு ஒன்றாகவே இருந்தது. இரு பெற்றோரும் சமமாகத் தருகிறார்கள். இன்று சாதாரணமாகப் படும் இந்த வாக்கியம் எவ்வளவு பழைய கட்டடத்தை இடித்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண் வடிவத்தைத் தருகிறான், பெண் வெறும் மூலப்பொருளைத் தருகிறாள் என்றார் அரிஸ்டாட்டில். பெண் நிலம், ஆண் விதை, இரண்டில் விதையே உயர்ந்தது என்கிறது மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம். மானிடவியலாளர் லீலா துபே 1986இல் வெளியான கட்டுரையில் இந்த விதை–நிலம் உருவகத்தை எடுத்துக்கொண்டு, அது வெறும் கற்பனை அணியல்ல, சொத்தும் பிள்ளையும் யாருக்குரியவை என்பதை முடிவுசெய்யும் ஏற்பாடு என்று காட்டினார். விதைத்தவனுக்கு விளைச்சல், நிலத்துக்கு உரிமை ஏது?

தமிழில் இந்த உருவகம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 'நல்ல வித்து' என்று ஆணின் வம்சத்தைச் சொல்கிறோம். பிள்ளை பெறாதவளை 'மலடி' என்கிறோம். விளையாத நிலத்துக்கும் அதே வேரிலிருந்துதான் பெயர். ஆண்பால் வடிவம் அகராதியில் இருக்கலாம், தெருவில் அதை வசையாகக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் பிள்ளையிடம் குறை என்று எதையாவது ஊர் கண்டுவிட்டால் உருவகம் சட்டென்று தலைகீழாகிறது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம். வம்சம், பெயர், இனிஷியல் எல்லாம் அப்பனுடையவை. கோணல், கறுப்பு, நோய் எல்லாம் ஆத்தாள் வழி வந்தவை. பெருமை விதைக்கு, பழி நிலத்துக்கு. இந்தக் கணக்கில் மெண்டலுக்கு இடமே இல்லை.

பழியிலிருந்து பெண்ணை மீட்க நாமும் மரபியலைக் கையில் எடுத்தோம். பெண்குழந்தை பெற்றதற்காக வதைபடும் பெண்களுக்காக, 'குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பவன் ஆண்தான்' என்று மேடைகளிலும் சுவரொட்டிகளிலும் சொன்னோம். அதற்கு ஆதாரமான உண்மையைக் கண்டவர்களில் ஒருவர் நெட்டி ஸ்டீவன்ஸ். மாவுப்புழு வண்டில் பெண்ணுக்கு 20 பெரிய குரோமோசோம்கள், ஆணுக்கு 19 பெரியவையும் ஒரு சிறியதும் இருப்பதை 1905இல் அவர் வெளியிட்டார். அதே ஆண்டில் எட்மண்ட் வில்சனும் தனியாக இதே திசையில் வந்துசேர்ந்தார். ஸ்டீவன்ஸ் 1912இல் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். குரோமோசோம் ஆய்வுக்கான நோபல் பரிசு 1933இல் தாமஸ் ஹண்ட் மோர்கனுக்குப் போனது.

அந்தச் சுவரொட்டி சில பெண்களை அடியிலிருந்து காப்பாற்றியிருக்கும். அதை மறுக்கவில்லை. இருந்தாலும் அந்த வாக்கியத்தை நாம் விமர்சிக்காமல் விட முடியாது. முதலாவதாக, அது தவறு. விந்தணுக்களில் ஏறத்தாழ பாதி எக்ஸ், பாதி ஒய். எது சூலைச் சேரும் என்பதை எந்த ஆணும் தீர்மானிப்பதில்லை. இரண்டாவதாக, 'தீர்மானிப்பவன் ஆண்' என்று சொல்லும்போது பழைய விதையையே அரியணையில் மறுபடி உட்கார வைக்கிறோம். மூன்றாவதும் முக்கியமானதும்: குற்றவாளி மாமியார் சொல்வதுபோல் மருமகள் அல்ல, உங்கள் மகன்தான் என்று வாதாடும்போது, பெண்குழந்தை பிறந்ததை ஒரு குற்றம் என்று ஏற்றுக்கொண்டுதான் வாதாடுகிறோம். 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவரவும் 1994இல் கருவின் பாலினத்தைக் கண்டறிவதற்கு எதிராகச் சட்டம் வரவும் தேவைப்பட்ட சமூகம் இது. இங்கே குற்றவாளியை மாற்றிக்காட்டுவது போதாது. வழக்கையே தள்ளுபடி செய்ய வேண்டும்.

எக்ஸ், ஒய் என்ற இரண்டு எழுத்துகளும் நாம் நினைத்த அளவுக்குத் தெளிவான நீதிபதிகள் அல்ல. ஒய் குரோமோசோமில் விந்தக வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் எஸ்ஆர்ஒய் மரபணு 1990இல் அடையாளம் காணப்பட்டது. அது இடம் மாறினாலோ, செயல்படாமல் போனாலோ, அல்லது உடல் ஹார்மோனுக்கு வேறுவிதமாக எதிர்வினை செய்தாலோ, குரோமோசோம் ஒன்று சொல்ல உடல் இன்னொன்றாக வளரும். பறவைகளில் வேறுபட்ட இரு குரோமோசோம்கள் இருப்பது பெண்ணிடம். முதலைகளிலோ முட்டையின் வெப்பநிலையே பாலை முடிவுசெய்கிறது. இவ்வளவு விரிந்த இயற்கையைச் சோதனைக்கூடச் சான்றிதழாகச் சுருக்கினால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற புதுக்கோட்டையின் சாந்தி சௌந்தரராஜனிடமிருந்து பாலினச் சோதனையின் பேரில் பதக்கம் பறிக்கப்பட்டது. தன்னைப் பெண்ணாக அறிந்து வாழ்ந்து ஓடிய ஒருவரின் வாழ்வைவிட ஓர் அறிக்கைத் தாள் பெரிதாகிப்போனது.

மூன்றாவது சொல்லுக்கு வருவோம். நோய்க்கான மரபணுவின் ஒரு பிரதியை உடையவர், ஆனால் நோய் வெளிப்படாதவர். அவரைத் தமிழில் 'தாங்கி' என்றும் 'கடத்தி' என்றும் எழுதுகிறோம். ஹீமோஃபிலியா பாடத்தில் இந்தச் சொல் பெண்ணோடு ஒட்டிக்கொள்கிறது: தாய் கடத்துகிறாள், மகன் நோயுறுகிறான். கடத்தல் என்றால் தமிழில் வேறு என்ன நினைவுக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை. எக்ஸ் குரோமோசோம் வழியாக அது வருவது உண்மை. முழு உண்மையோ இன்னும் நீளமானது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் இந்த நோயின் முன்வரலாறே இருப்பதில்லை. மாற்றம் புதிதாகத் தோன்றியது. அத்தகைய மாற்றங்கள் விந்தணு உருவாக்கத்தில்தான் மிகுதியாக நிகழ்கின்றன என்று ஜே.பி.எஸ். ஹால்டேன் 1947இலேயே இந்த நோயை வைத்துக் கணித்தார். ஐஸ்லாந்துக் குடும்பங்களின் முழு மரபணுத்தொகுதியை வாசித்து 2012இல் வெளியான ஆய்வும் அதையே காட்டியது: தந்தையின் வயது ஓராண்டு கூடும்போது பிள்ளையிடம் ஏறத்தாழ இரண்டு புதிய மாற்றங்கள் கூடுகின்றன. 'வயசாகிப் பெற்றாள்' என்று சொல்லும் ஊர், வயதான அப்பனைப் பார்த்து 'இந்த வயசிலும்!' என்று வியக்கிறது. இதைக் கொண்டு ஆண்களைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்பதில்லை. கூண்டில் எப்போதும் ஒரே ஆள் நிற்பது ஏன் என்று கேட்கலாம்.

உறவுமுறைத் திருமணத்திலும் இதே கதைதான். ஒரே ஒடுங்கு மரபணுவின் ஒவ்வொரு பிரதி இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு வாய்ப்பு. தாய்மாமனும் அக்காள் மகளும் சராசரியாக நான்கில் ஒரு பங்கு மரபணுக்களைப் பொதுவாகக் கொண்டிருக்கிறார்கள் என்பதால் அந்த வாய்ப்பு கூடுகிறது. ஆனால் பதினெட்டு வயதில் மாமனுக்குக் கட்டிவைக்கப்பட்டவளிடம் யாரும் கேட்டதில்லை. முடிவு பெரியவர்களுடையது, சொத்து வெளியே போகக்கூடாது என்ற கவலை அவர்களுடையது, பிள்ளையோடு மருத்துவமனை வரிசையில் நிற்பது மட்டும் அவளுடையது. அவள் மறுப்பதற்கு மரபியல் ஆதாரம் தேவையில்லை. 'வேண்டாம்' என்பதே போதுமான காரணம்.

இதைச் சாதிக்கு விரித்துப் பார்த்தவர் அம்பேத்கர். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், சாதியின் உயிர்நாடி அகமணம் என்றும், அதைக் காக்கவே உடன்கட்டையும் கட்டாயக் கைம்மையும் சிறுமி மணமும் தேவைப்பட்டன என்றும் காட்டினார். சாதியின் எல்லைக்கோடு பெண்ணுடல்மீது வரையப்பட்டது. இந்தியக் குழுக்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஆய்வு, சுமார் 4200 முதல் 1900 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் இங்கே பரவலாகக் கலப்பு நடந்தது, பின்னரே அகமணம் இறுகியது என்கிறது. தூய இரத்தம் என்று எதைச் சொல்லி மகளைக் கொல்கிறார்களோ அது கலந்து வந்த இரத்தம். மரபியலில் 'தூய வழி' என்றால் உயர்ந்தது என்று பொருளில்லை. வேறுபாடு அற்றது என்றுதான் பொருள். ஆதலால் நோய்க்கு எளிதில் இரையாகக்கூடியது.

வேறுபாடு நல்லதா கெட்டதா என்பதையும் மரபணு தனியாகச் சொல்வதில்லை. நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952இல் கண்டறியப்பட்ட அரிவாள் அணு மரபணுவின் ஒரு பிரதி மலேரியாவிலிருந்து காக்கிறது. இரண்டு பிரதிகள் வலியையும் இரத்தசோகையையும் தருகின்றன. அதே எழுத்து, வேறு சூழல், வேறு பொருள். அந்த மக்களுக்குத் தேவை மருந்தும் மருத்துவமனைக்குப் போக வண்டியும். 'குறைபாடுள்ள இனம்' என்ற முத்திரை அல்ல.

சொற்களை மாற்றினால் வாழ்க்கை மாறிவிடாது என்பார்கள். சரி. ஆனால் நோயுற்ற குழந்தையோடு ஆலோசனை அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் காதில் முதலில் விழுவது சொல்தான். 'வெளிப்படும் பண்பு', 'மறைந்து தொடரும் பண்பு' என்று எழுதலாம். மெண்டல் சொன்னதற்கு அதுவே நெருக்கம். 'கடத்தி'க்குப் பதில் 'ஒரு பிரதி உடையவர்' என்று சொல்லலாம்; அது கணவனுக்கும் பொருந்தும். 'உன்னிடமிருந்து வந்தது' என்று சொல்லும் இடத்தில் 'ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு பிரதி வந்திருக்கிறது' என்று சொல்லலாம், அதையும் அவளைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லாமல், கணவனையும் மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லலாம். அந்த வாக்கியம் பரிவினால் சொல்லப்படுவதல்ல. 1866இலிருந்து அச்சில் இருக்கும் அறிவியல் அது.