நிசிகோஸ் என்றால் அத்தை

கிரீ மொழிச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் பொருள் தரும் அகராதியை விரித்தால், 'நிசிகோஸ்' என்ற சொல்லில் அகராதிக்காரருக்கு மூச்சு வாங்குவது தெரியும். என் தந்தையின் சகோதரி, என் தாயின் சகோதரனுடைய மனைவி, என் மாமியார் என்று வரி நீண்டுகொண்டே போகும். தமிழர் எழுதியிருந்தால் 'என் அத்தை' என்று முடித்திருப்பார். 'நிசிஸ்' என்றால் தாய்மாமனும் அவரே, மாமனாரும் அவரே. அம்மா 'நிகாவிய்'. அம்மாவுடன் பிறந்தவள் 'நிகாவிஸ்'. கடைசியில் இருக்கும் 'இஸ்' சிறுமை காட்டும் விகுதி. அசல் சின்னம்மா!

கனடாவில் ஆல்பர்ட்டா முதல் லாப்ரடார் வரை பேசப்படும் இம்மொழி அல்கோன்கியக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் இப்படி முறை பார்த்து உறவை எண்ணும் வழக்கத்துக்கு மானிடவியலில் 'திராவிட வகை' என்றே பெயர். ஒற்றுமை உறவுப்பெயரோடு நிற்கவில்லை. ஆங்கிலம் 'வி' (we) என்று மழுப்புகிற இடத்தில், கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் 'கியானௌ', விட்டுவிட்டால் 'நியனான்'. நம்முடைய நாமும் நாங்களும்தான்.

சொந்தம் கொண்டாடி முடிப்பதற்குள் கிரீ நம்மையும் திகைக்க வைக்கும். அதன் பெயர்ச்சொற்கள் உயிருள்ளவை, உயிரற்றவை என இரண்டு திணை. மனிதரும் விலங்கும் முதல் திணை என்பது சரி. சமவெளிக் கிரீ என்னும் கிளைமொழியில் கல்லும் அங்கேதான் இருக்கிறது. காலுறையும் கெண்டியும்கூட. மனிதரைப் பார்த்தால் 'நிவாபமாவ்', வீட்டைப் பார்த்தால் 'நிவாபஹ்தேன்'. கல்லைப் பார்த்தாலோ மனிதருக்குரிய வினைதான். பார்க்கப்படும் பொருளுக்கு ஏற்ப வினையே உருமாறும் இந்த நுட்பம் நம் உயர்திணை, அஃறிணையில் இல்லை.

எனக்குப் பிடித்த சொல் 'ஓத்தேஹிமின்', ஸ்ட்ராபெர்ரி. 'தேஹ்' இதயம், 'மின்' கனி. சாட்சாத் இதயக்கனி! ஆனால் இலக்கணத்தில் அதற்கு உயிரில்லை; பக்கத்துப் புதரின் ராஸ்பெர்ரிக்கு உண்டு. ஏன் என்று தர்க்கம் தேடினால் ரசனை கெட்டுவிடும்.

குதிரைக்கு 'மிஸ்ததிம்', பெரிய நாய், என்று பெயர் வைத்த மொழி இது. ஐரோப்பியர் வழி வந்த விலங்குக்கு, வீட்டில் சுமை இழுத்த விலங்கின் பெயரையே பெரிதாக்கிக் கொடுத்தார்கள்.

கிரீ அகராதி கையில் கிடைத்தால், ஆங்கிலப் பொருள் அளவுக்கு மீறி நீளும் இடங்களில் நின்று படியுங்கள். நமக்குத் தெரிந்த அத்தையும் மாமாவும் அங்கேதான் இருக்கிறார்கள்.