சிமிட்டும் விளக்குக்குச் சிந்திக்காத வைத்தியம்

மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கில் பழைய இழை பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பைப் பொருத்துவது இன்று பரவலான வழக்கமாகிவிட்டது. மின்சாரம் குறைவாகச் செலவாகிறது. வெளிச்சம் வெண்மையாக இருக்கிறது. விலையும் கைக்கெட்டும் அளவில் உள்ளது. ஆனால் பொருத்திய அன்றே பலருக்கு ஒரு தொல்லை தொடங்குகிறது. விளக்கு சிமிட்டுகிறது. பழைய பல்பு சிமிட்டியதில்லை, புதியது சிமிட்டுகிறது. எனவே குற்றம் புதியதில்தான் இருக்க வேண்டும் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

இந்த முடிவின்மேல் எழுந்த அறிவுரைகள் ஏராளம். பட்டறைகளிலும் உதிரிப்பாகக் கடைகளிலும் காணொளிகளிலும் அடிக்கடி கேட்கக் கூடியவை நான்கு: ‘வேறு பல்பு போடு’, ‘ஒரு மின்தேக்கி போடு’, ‘சிமிட்டல் நீக்கும் பெட்டி ஒன்றை வாங்கிச் சேர்’, ‘விளக்கைப் பேட்டரிக்கு மாற்று’. இவற்றை இயற்பியலின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எள்ளி நகையாடுவது நோக்கமன்று. பட்டறைக்காரரின் கைப்பழக்கத்தில் வகுப்பறைக்கு எட்டாத உண்மைகள் பல உண்டு. எனினும் நோய் இன்னதென்று கேட்காமல் மருந்து கொடுப்பதை யார் செய்தாலும் அது குறைதான்.

இழை மறைத்தது, டையோடு காட்டியது

முதலில் பழைய பல்பு ஏன் சிமிட்டவில்லை என்று காண்போம். அதிலுள்ள டங்ஸ்டன் இழை வெப்பத்தால் ஒளிர்வது. மின்னோட்டம் ஒரு கணம் நின்றாலும் இழை உடனே குளிர்ந்துவிடாது. தேக்கிய வெப்பத்தால் தொடர்ந்து ஒளிரும். மின்னழுத்தம் குறைந்தால் ஒளி மங்கும். இழை பல்பின் ஒளி ஏறத்தாழ மின்னழுத்தத்தின் 3.4 ஆம் படிக்கு நேர் விகிதத்தில் மாறுகிறது. அதாவது மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி 30 விழுக்காடு குறையும். ஆகவே மோசமான மின்வழங்கலில் இழை பல்பு மஞ்சளாகும், மங்கும், ஆனால் துள்ளாது.

எல்.இ.டி.யின் இயல்பு இதற்கு நேர்மாறானது. வெள்ளை எல்.இ.டி. என்பது நீல ஒளி உமிழும் டையோடும், அதன்மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருளும் சேர்ந்தது. (நீல டையோடை உருவாக்கியதற்காகவே அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 2014 இல் நோபல் பரிசு பெற்றனர்.) மின்னோட்டம் நின்றால் இந்த ஒளிர்பொருளின் ஒளி, ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் பெருமளவு தணிந்துவிடும். தனக்கு வரும் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கங்களை எல்.இ.டி. அப்படியே ஒளியாக எழுதிக் காட்டுகிறது. எனவே பல நேரங்களில் சிமிட்டல் புதிய பல்பின் குற்றமே அன்று. வண்டியில் முன்பே இருந்த குறை இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அது எப்படிப்பட்ட குறை? பல சிறிய வண்டிகளில், குறிப்பாகப் பழையவற்றில், முகப்பு விளக்கு பேட்டரியிலிருந்து எரிவதில்லை. எஞ்சினோடு சுழலும் மேக்னெட்டோவின் மாறுதிசை மின்னோட்டத்திலிருந்து நேரே எரிகிறது. ஒரு சுற்றுக்கு 4 அலைகள் தரும் மேக்னெட்டோவை எடுத்துக்கொள்வோம். ஐடிலிங்கில் எஞ்சின் நிமிடத்துக்கு 1400 சுற்றுகள் சுற்றினால் நொடிக்குச் சுமார் 93 அலைகள் கிடைக்கும். 5000 சுற்றுகளில் 333 அலைகள். பல வண்டிகளில் ஒவ்வோர் அலையின் ஒரு பாதி பேட்டரிக்கும் மறுபாதி விளக்குக்கும் செல்லும். அவ்வாறாயின் ஐடிலிங்கில் விளக்கு நொடிக்கு 93 துடிப்புகளைப் பெறுகிறது, இடையிடையே இருட்டு.

93 துடிப்பு என்றால் கண்ணுக்குத் தெரியக்கூடாதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நொடிக்கு 60 துடிப்புகளுக்கு மேல் போனால் அசையாது நோக்கும் கண் பொதுவாக அவற்றின் சராசரியையே காண்கிறது. ஆனால் ஐடிலிங்கில் மின்னழுத்தமும் குறைவு. பல்பினுள் இருக்கும் மின்னணுச் சுற்று விழித்தெழ ஒரு குறைந்தபட்ச மின்னழுத்தம் வேண்டும். சில துடிப்புகள் அந்த அளவைத் தொடும், சில தொடாது. இடையிடையே துடிப்புகள் தவறிப்போவதால் சிமிட்டல் மெதுவாகிக் கண்ணுக்குப் புலனாகிறது.

முதலில் கேட்க வேண்டியது

ஆகவே முதல் கேள்வி ‘எதை மாற்றுவது?’ என்பதன்று, ‘எப்போது சிமிட்டுகிறது?’ என்பதே. ஐடிலிங்கில் சிமிட்டி, ஆக்சிலேட்டரை முறுக்கியதும் அடங்கினால், மேலே கண்ட மாறுதிசை மின்னோட்டமே காரணமாக இருக்கக்கூடும். பள்ளத்தில் இறங்கும்போதும் ஹேண்டிலைத் திருப்பும்போதும் சிமிட்டினால் தளர்ந்த இணைப்பையோ, உள்ளே அறுந்த ஒயரையோ, துருவேறிய எர்த்தையோ தேட வேண்டும். பத்து நிமிடம் நன்றாக எரிந்தபின் தொடங்கினால் வெப்பத்தை ஐயுற வேண்டும். பல்பின் காற்றாடி நின்றிருக்கலாம், வெப்பம் வெளியேற வழி அடைபட்டிருக்கலாம். விளக்கு பேட்டரியில் எரியும் வண்டியில், ஹாரன் அடிக்கும்போதும் பிரேக் விளக்கு எரியும்போதும் முகப்பு விளக்கு துள்ளினால் பேட்டரியையும் ரெகுலேட்டரையும் சோதிக்க வேண்டும்.

ஒரே அறிகுறிக்கு நான்கு வேறு காரணங்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமல் தொடங்கும் எந்த அறிவுரையும் நான்கில் ஒன்றைக் குருட்டடியாகத் தொடுகிறதே தவிர வேறில்லை. இனி அறிவுரைகளைப் பார்ப்போம்.

நான்கு அறிவுரைகள்

‘வேறு பல்பு போடு’ என்பதில் ஓரளவு உண்மை உண்டு. தரமான பல்பினுள் மாறுதிசை மின்னோட்டத்தைத் திருத்திச் சீராக்கும் சுற்று இருக்கும். மலிவானதில் அது பெயரளவுக்கே இருக்கும். ஆனால் எர்த் இணைப்பு கெட்டிருந்தால் பத்துப் பல்புகள் மாற்றினாலும் பயனில்லை. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பி வாங்குவதும் வீண். ‘100 வாட்’ என்று எழுதிய பல்பு 12 வோல்ட்டில் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். ஓர் அம்மீட்டரைத் தொடரில் இணைத்துப் பார்த்தால் எழுத்தின் மதிப்பு தெரிந்துவிடும்.

‘மின்தேக்கி போடு’ என்பது நான்கிலும் அறிவியல் சாயல் மிகுந்தது. கணக்கிட்டுப் பார்க்காததும் அதுவே. சாதாரணமாகச் சொல்லப்படுவது 1000 மைக்ரோஃபாரட். நாமே கணக்கிடுவோம். 20 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 1.6 ஆம்பியர் எடுக்கும். நொடிக்கு 93 துடிப்புகள் வரும்போது இரண்டு துடிப்புகளுக்கு இடையே சுமார் 7 மில்லி நொடி இருட்டு என்று கொள்வோம். அந்த நேரத்துக்கு மின்தேக்கியே பல்பைத் தாங்க வேண்டும். மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கி மின்தேக்குத் திறனால் வகுத்தால் மின்னழுத்த வீழ்ச்சி கிடைக்கும்: 1000 மைக்ரோஃபாரட்டுக்கு 11 வோல்ட்! பன்னிரண்டில் பதினொன்று போனபின் பல்பு எதைக் கொண்டு எரியும்? வீழ்ச்சி 2 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டுமானால் ஏறத்தாழ 5600 மைக்ரோஃபாரட் தேவை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மின்பகு மின்தேக்கிக்கு நேர்முனை, எதிர்முனை என்ற வேறுபாடு இருக்கிறது. திருத்தி இல்லாமல் அதை மாறுதிசை மின்னோட்டத்தில் நேரே இணைத்தால் அது சூடேறி வெடிக்கக்கூடும். அறிவுரை கூறுவோர் இந்த எச்சரிக்கையை முதல் வரியில் சொல்ல வேண்டும். பலர் கடைசி வரியில்கூடச் சொல்வதில்லை.

மூன்றாவது, ‘சிமிட்டல் நீக்கும் பெட்டி’. கார்களிலும் சில பெரிய வண்டிகளிலும் பல்பு பழுதாகிவிட்டதா என்று கண்காணிக்கும் கணினிச் சுற்று இருக்கும். எல்.இ.டி. குறைந்த மின்னோட்டம் எடுப்பதால் பல்பு பழுது என்று அது தவறாக எண்ணிக்கொள்ளும். அதனை ஏமாற்றவே இத்தகைய பெட்டிகள் வந்தன. அவற்றுள் ஒரு வகையில் இருப்பது வெறும் மின்தடை. 6 ஓம் மின்தடையை 12 வோல்ட்டில் இணைத்தால் 24 வாட் வெப்பமாகப் போகும். பல்பின் 20 வாட்டையும் சேர்த்தால் 44 வாட். கழற்றி எறிந்த பழைய பல்பு எடுத்ததோ 35 வாட்! கண்காணிக்கும் கணினியே இல்லாத சிறிய வண்டியில் இந்த மின்தடை பொருத்துவது, மின்சாரம் மிச்சம் பிடிக்க வந்தவர் கூடுதலாகச் செலவழிப்பதற்கு ஒப்பாகும். திருத்தியும் மின்தேக்கியும் அடங்கிய மற்றொரு வகை சில வண்டிகளில் பயன்படலாம். பெட்டியின் பெயரைப் பார்க்காமல் உள்ளே இருப்பது எது என்று கேட்டு வாங்க வேண்டும்.

நான்காவது, ‘பேட்டரிக்கு மாற்று’. கொள்கையளவில் இதுவே சிறந்தது. பேட்டரியே மிகப் பெரிய மின்தேக்கி போல நின்று துடிப்புகளைச் சமன் செய்யும். ஆனால் வரவைப் பார்க்காமல் செலவைக் கூட்டலாமா? சிறிய வண்டியின் பேட்டரி 3 ஆம்பியர் மணி அளவினது என்று கொள்வோம். 1.6 ஆம்பியர் பல்பை அது தனியே தாங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் காலி. இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது விதி. எனவே பகலிலும் செலவு ஓயாது. அலையின் ஒரு பாதி மட்டுமே பேட்டரிக்குச் செல்லும் வண்டியில், நெரிசலில் நின்று நின்று போகும்போது வரவு செலவுக்கு ஈடுகொடுக்காமல் போகலாம். முழு அலையையும் பயன்படுத்தும் ரெகுலேட்டர் வைத்து, மேக்னெட்டோச் சுருளின் எர்த் முனையையும் பிரித்தெடுத்தால்தான் இந்த மாற்றம் முழுமை பெறும். இது ஒரு ஒயரை இடம் மாற்றும் வேலையன்று.

நீங்களே செய்து பார்க்கலாம்

வாசகர்கள் எளிதில் செய்யக்கூடிய சோதனைகள் இரண்டு. வண்டியை நிறுத்தி எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, விளக்கொளியில் ஒரு பென்சிலை விரைவாக ஆட்டிப் பாருங்கள். ஒளி தொடர்ச்சியானதாக இருந்தால் பென்சில் ஒரு மங்கிய விசிறி போலத் தோன்றும். துடிப்பொளியாக இருந்தால் தனித்தனிப் பென்சில்கள் வரிசையாகத் தோன்றும். ஆக்சிலேட்டரை முறுக்கும்போது அவற்றின் இடைவெளி நெருங்கினால், துடிப்பு எஞ்சினின் சுழற்சியிலிருந்து வருகிறது என்பது தெளிவு. கைப்பேசிக் கேமராவில் தெரியும் கோடுகளைக் கொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கண்ணுக்குப் புலப்படாத உயர்வேகத் துடிப்பையும் கேமரா காட்டிவிடும்.

இரண்டாவது, பல்பைக் கழற்றி, 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக நன்கு மின்னேற்றிய ஒரு 12 வோல்ட் பேட்டரியில் இணைத்துப் பாருங்கள். பதினைந்து நிமிடம் ஆடாமல் எரிந்தால், பெரும்பாலும் பல்பு நிரபராதி. குறை வண்டியில் இருக்கிறது. அங்கும் சிமிட்டினால் குறை பல்பில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்ற ஆய்வுக்கூட விதியே இங்கும் பயன்படுகிறது.

இதில் ஏன் இத்தனை அக்கறை என்று கேட்கலாம். இழை பல்பு மங்கித்தான் எச்சரிக்கும். மங்கிய ஒளியிலும் வளைவைக் கண்டு வண்டியை நிறுத்திவிடலாம். எல்.இ.டி.யின் சுற்றோ மின்னழுத்தம் தன் எல்லைக்குக் கீழே போனால் விளக்கை முழுவதும் அணைத்துவிடக்கூடும். இரவு வளைவில் அரை நொடி இருட்டு என்பது சிறிய செய்தியன்று. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடியில் வண்டி 7 மீட்டர் கடந்துவிடும்.

மேல்நிலை வகுப்பில் அரையலைத் திருத்தியையும் மின்தேக்கியையும் படிக்கும் மாணவர், அதே சுற்று தம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியில் இருக்கிறது என்பதை அறியாமலே தேர்வு எழுதி முடித்துவிடுகிறார். மெக்கானிக்குக்கு வண்டி தெரிகிறது, கணக்குத் தெரிவதில்லை. மாணவருக்குக் கணக்குத் தெரிகிறது, வண்டி தெரிவதில்லை. மேற்சொன்ன நான்கு அறிவுரைகளும் இந்த இடைவெளியில் முளைத்தவையே. அடுத்த முறை உங்கள் வண்டி விளக்கு சிமிட்டினால் கடைக்கு ஓடுமுன் அது எப்போது சிமிட்டுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அந்தத் தாளோடு மெக்கானிக்கிடம் செல்லுங்கள். அவருடைய கையும் உங்கள் கணக்கும் சேர்ந்தால் குறை எங்கே என்று கண்டுபிடிப்பது கடினமன்று.