முதலில் திறக்க வேண்டிய பீரோ

சென்ற மாதம் ஒரு வாசகியிடமிருந்து கடிதம் வந்தது. என் பழைய நாவல் ஒன்றைப் படித்துவிட்டு எழுதியிருந்தார். அந்த நாவலில் ஒரு கல்யாண வீட்டில் இரட்டை வடச் சங்கிலி காணாமல் போகிறது. பழி வேலைக்காரப் பெண்ணின் மேல் விழுகிறது. இரண்டு அத்தியாயம் அழுகையும் சாபமுமாகக் கழிந்த பிறகு, சம்பந்தி வீட்டாரின் பெட்டியிலிருந்தே சங்கிலி கிடைக்கிறது. "எல்லாம் சரிதான். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக் கொள்ளாதீர்கள். அந்த வீட்டில் பத்துப் பதினைந்து பெரிய மனிதர்கள் இருந்தும், போலீஸில் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே, ஏன்?" என்று கேட்டிருந்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. நாவலை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். போலீஸ் என்ற சொல் அதில் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. வீட்டு எஜமானி அந்தப் பெண்ணைப் பார்த்து, "உண்மையைச் சொல்லுகிறாயா, இல்லை, போலீஸில் ஒப்படைக்கட்டுமா?" என்று மிரட்டுகிறாள். மிரட்டுவதற்குப் போலீஸ் வேண்டியிருந்தது. உண்மையைக் கண்டுபிடிப்பதற்கு வேண்டியிருக்கவில்லை! எழுதிய நானும் அதைக் கவனிக்கவில்லை. படித்த பல்லாயிரம் பேரும் கவனிக்கவில்லை. அந்தப் பெண் ஸ்டேஷன் படி ஏறினால் கதை வேறு கதையாகிவிடும் என்பது எனக்கும் வாசகர்களுக்கும் பேசாமலே ஏற்பட்டிருந்த உடன்பாடு போலும்.

இந்த நினைப்போடு அலமாரியிலிருந்து வேறொரு நாவலை எடுத்தேன். அதுவும் நகை காணாமல் போன கதைதான். அதிலும் ஒரு வேலைக்காரப் பெண் இருக்கிறாள். ஆனால் அந்த வீட்டார் போலீஸுக்குச் சொல்லி அனுப்பினார்கள். வில்கி காலின்ஸ் எழுதிய 'தி மூன்ஸ்டோன்' என்ற அந்த நாவல், 1868-ல் டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது. ஆங்கிலத் துப்பறியும் நாவல்களுக்கெல்லாம் பாட்டன் என்று அதைச் சொல்வார்கள். நான் இந்த முறை மர்மத்துக்காகப் படிக்கவில்லை. ஒரு போலீஸ்காரர் பிறர் வீட்டுக்குள் நுழைந்து அவர்கள் நம்பிக்கையை எப்படிச் சம்பாதிக்கிறார், எப்படி இழக்கிறார் என்று பார்ப்பதற்காகப் படித்தேன்.

கதை இதுதான். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது ஓர் ஆங்கிலேய அதிகாரி கொள்ளையடித்த வைரம், பல வருஷங்களுக்குப் பிறகு ரேச்சல் என்ற பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக வந்து சேருகிறது. அன்று இரவே காணாமல் போகிறது. முதலில் வருகிறவர் உள்ளூர்ப் போலீஸ் சூப்பரிண்டெண்டெண்ட் ஸீகிரேவ். கம்பீரமான மனிதர், குரலும் அப்படியே. அவர் சந்தேகம் நேராக வேலைக்காரர்கள் மேல் பாய்கிறது. அவர்களுடைய பெட்டிகளைச் சோதிக்கிறார். வீட்டின் பழைய காரியஸ்தர், மற்றவர்கள் தயங்கக் கூடாதே என்று, தம் சாவியை முதலில் எடுத்துக் கொடுக்கிறார். எல்லாப் பெட்டிகளும் திறக்கப்படுகின்றன, ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் வேலைக்காரர்களின் மனக்கசப்புத்தான்.

பிறகு லண்டனிலிருந்து சார்ஜெண்ட் கஃப் வருகிறார். ஒல்லியான, முகம் வாடிய மனிதர். வந்ததும் ரோஜாச் செடிகளைப் பற்றித் தோட்டக்காரனோடு வாதம் செய்கிறார். கதவில் பூசிய ஈர வர்ணம் ஓரிடத்தில் கலைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, வர்ணம் பட்ட துணியைத் தேட வேண்டும் என்கிறார். அதற்கு அவர் சொல்லும் வழியைப் பாருங்கள். வேலைக்காரர்களின் துணிகளை மட்டும் பார்த்தால் அவர்களைத் திருடர்கள் என்று சொன்னதாகிவிடும். ஆகவே வீட்டில் உள்ள எல்லோருடைய துணி அலமாரியும் திறக்கப்பட வேண்டும்; அதுவும் எஜமானியம்மாளிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். எஜமானி சம்மதிக்கிறாள், விருந்தாளிகள் சம்மதிக்கிறார்கள். வைரத்துக்குச் சொந்தக்காரியான ரேச்சல் மட்டும் மறுத்துவிடுகிறாள். உடனே கஃப் சோதனையையே நிறுத்திவிடுகிறார். எல்லா அலமாரிகளையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றையும் பார்க்கக் கூடாது என்பது அவர் கட்சி. ஊருக்குப் புறப்பட்ட ஒரு விருந்தாளியின் பெட்டிகூடத் திறக்கப்படாமலே போய்ச் சேருகிறது. சிரித்த முகத்தோடு உடனே சம்மதித்த அந்த விருந்தாளியை வாசகர்கள் மறக்காமல் இருப்பது நல்லது. இதற்கு மேல் சொன்னால் படிக்காதவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

நாவல் முழுவதிலும் எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றிய இடம் இதுதான். கஃபின் புத்திசாலித்தனத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். ஆனால் ஜனங்கள் போலீஸை நம்புவது அவர்களுடைய புத்திசாலித்தனத்துக்காக அல்ல. 'என் பெட்டியைத் திறக்கிறவர் எஜமானியின் பெட்டியையும் திறப்பார்' என்ற உறுதிக்காகத்தான். காலின்ஸ் இதை ஓர் உபதேசமாகச் சொல்லாமல், ஒரு சலவைத் துணி விவகாரமாகச் சொல்லியிருக்கிறார். அதுதான் நாவலாசிரியன் செய்ய வேண்டிய வேலை.

இதற்குப் பின்னால் ஓர் உண்மைச் சம்பவம் உண்டு. 1860-ம் வருஷம் இங்கிலாந்தில், ரோட் என்ற ஊரில், மூன்று வயதுக் குழந்தை ஒன்று நள்ளிரவில் தூக்கிச் செல்லப்பட்டுக் கொலை செய்யப்பட்டது. ஸ்காட்லாண்டு யார்டிலிருந்து ஜோனதன் விச்சர் என்ற துப்பறியும் இன்ஸ்பெக்டர் வந்தார். காணாமல் போன இரவு உடை ஒன்றைக் கொண்டு, குழந்தையின் பதினாறு வயது மாற்றாந்தாய்ச் சகோதரி கான்ஸ்டன்ஸ் கெண்ட் மீது குற்றம் சாட்டினார். நாடே கொதித்தது. ஒரு சாதாரணப் போலீஸ்காரன், கௌரவமான குடும்பத்துப் பெண்ணின் துணிமணியைக் கிளறுவதா? சாட்சியம் போதாமல் அவள் விடுதலையானாள். விச்சர் பேர் கெட்டு, சில ஆண்டுகளில் வேலையை விட்டு விலகினார். 1865-ல் அந்தப் பெண் தானாகவே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள்.

காலின்ஸ் இந்தச் சம்பவத்திலிருந்து பலவற்றை எடுத்துக்கொண்டார். ஆனால் ஒன்றைத் தலைகீழாக மாற்றினார். வாழ்க்கையில் அந்த வீட்டுப் பெண்ணைச் சந்தேகித்த போலீஸ்காரர் சரியாக இருந்தார். நாவலில் அந்த வீட்டுப் பெண்ணைச் சந்தேகித்த போலீஸ்காரர் தவறு செய்கிறார். தவறு என்று தெரிந்ததும் கஃப் ஒளிந்துகொள்ளவில்லை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று ரோஜா வளர்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி வருகிறார். குளறிவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லுகிறார். மிச்ச வேலையை முடித்துக் கொடுக்கிறார். சரியாகச் சொன்ன விச்சரை ஜனங்கள் நம்பவில்லை. தவறு செய்த கஃபை வாசகர்கள் நம்புகிறோம். தவறே செய்யாதவரிடம் நமக்குப் பயம்தான் வரும். தவற்றை ஒப்புக்கொள்ளுகிறவரிடம்தான் நம்பிக்கை வருகிறது.

ஆங்கிலேயர்கள் தங்கள் போலீஸை ஆதிகாலத்திலிருந்தே நம்பினார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 1829-ல் ராபர்ட் பீல் லண்டன் போலீஸை ஏற்படுத்தியபோது, பட்டாளம் என்று ஜனங்கள் பயப்படக் கூடாதென்று சிவப்புக்குப் பதில் நீலச் சட்டை கொடுத்தார்கள். துப்பாக்கிக்குப் பதில் தடி கொடுத்தார்கள். யார் என்ன செய்தார் என்று புகார் சொல்ல வசதியாகக் கழுத்துப்பட்டையில் எண் தைத்தார்கள். அப்படியும் 1833-ல், கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் கூட்டத்தில் குத்திக் கொல்லப்பட்ட ஒரு கான்ஸ்டபிளின் மரணத்தை விசாரித்த ஜூரிகள், அது நியாயமான கொலை என்றே தீர்ப்புச் சொன்னார்கள்! அங்கிருந்துதான் அவர்கள் நடந்து வந்திருக்கிறார்கள்.

இனி, நாவலில் எனக்குள்ள குறை. கஃபின் அலமாரி நியாயம் அழகானதுதான். ஆனால் அது கடைசி வரை போகவில்லை. பணக்காரப் பெண் மறுத்ததும் சோதனை நின்றது, சந்தேகம் நிற்கவில்லை. அது ரோசன்னா என்ற வேலைக்காரியின் பின்னாலேயே அடிச்சுவடு பார்த்துக்கொண்டு போகிறது. ஒரு காலத்தில் திருடிச் சிறை சென்று திருந்தியவள் அவள். ரேச்சலின் கதவு மூடியிருக்கலாம். ரோசன்னாவுக்கு மூடிக்கொள்ளக் கதவே இல்லை. அவள் புதைமணலில் இறங்கி உயிரை விடுகிறாள். நிறைவேறாத காதலும் அதற்குக் காரணம் என்று காலின்ஸ் காட்டுகிறார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் அவளைத் துரத்திய நிழலை மறக்க முடியவில்லை. வைரத்தைத் தேடி வந்த மூன்று இந்தியர்களின் கதியும் இதுதான். திருட்டு நடந்தபோது அவர்கள் அங்கே இல்லை என்று தெரிந்தும், சட்டத்தைச் சற்று இழுத்துப் பிடித்துக் காவலில் வைக்கிறார்கள். அந்த வீட்டார் யாருக்கும் அது பெரிதாக உறுத்தவில்லை.

வைரம் நம் பக்கத்திலிருந்து போனது. அந்த நியாயம் நம் பக்கம் வந்ததா? காலின்ஸ் நாவலுக்குப் பதின்மூன்று வருஷம் முன்னால், 1855-ல், சென்னை ராஜதானியில் நடந்த சித்திரவதைகளைப் பற்றி ஒரு விசாரணைக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. வரி வசூலிக்கும் கையிலேயே அப்போது போலீஸ் அதிகாரமும் இருந்தது. விரலை நசுக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டும் அண்ணாந்தாள் என்று, நம் தமிழ்ச் சொற்களே அந்த ஆங்கில அறிக்கையில் இடம் பெற்றன. பிறகு 1859-ல் சென்னைக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. 1861-ல் இந்தியா முழுமைக்கும் வந்தது. 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலையில் புதிய சாட்சியச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும் அந்த விதியை எடுத்துவிடவில்லை. சட்டமே நம்பத் தயங்குவதை என் நாவலின் வேலைக்காரப் பெண் எப்படி நம்புவாள்?

1996-ல் சுப்ரீம் கோர்ட், கைது செய்கிறவர் பேரும் பதவியும் தெரியும்படி அணிய வேண்டும், கைதுக் குறிப்பில் வீட்டாரோ ஊராரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், 48 மணிக்கு ஒரு தரம் வைத்தியப் பரிசோதனை வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட்டது. லண்டன் கழுத்துப்பட்டையில் தைத்த எண்ணின் பேரப்பிள்ளைகள் இவை. நல்ல விதிகள்தாம். ஆனால் விதி காகிதத்தில் இருக்கிறது. நம்பிக்கை மனிதர்களிடம் இருக்கிறது. 2020 ஜூனில், ஊரடங்குக் காலத்தில், சாத்தான்குளம் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு தந்தையும் மகனும் சில நாட்களுக்குள் இறந்தார்கள். அன்றிரவு பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம், தம் நிலையத்தில் தாம் கண்டதைச் சொன்னார். அவருக்கும் அதே நிலையம்; அதே சக ஊழியர்கள்; அதே காக்கிச் சட்டை. எஜமானியின் அலமாரியைத் திறப்பது என்றால் அதுதான். ஆயிரம் வரவேற்புப் பலகைகள் செய்யாத காரியத்தை அந்த வாக்குமூலம் செய்தது.

நாமும் தப்பித்துக்கொள்ள முடியாது. வீட்டில் ஒரு மோதிரம் காணாவிட்டால், "இரண்டு தட்டுத் தட்டினால் சொல்லிவிடுவாள்" என்று சொல்லுகிறவர்கள் படித்த குடும்பஸ்தர்களாகிய நாம்தானே? ஸீகிரேவை உள்ளே அழைக்கிறவர்களும் நாம்தான். கஃப் வந்தால் ரேச்சலைப் போலக் கதவைச் சாத்திக்கொள்ளுகிறவர்களும் நாம்தான். பிறரைப் பயமுறுத்துகிற போலீஸைத்தான் நல்ல போலீஸ் என்று நினைக்கும் வரையில், நம்பிக்கை என்ற சொல்லை உச்சரிக்க நமக்கு உரிமை கிடையாது.

வாசகிக்குப் பதில் எழுதிவிட்டேன். நாவலின் அடுத்த பதிப்பில் போலீஸை வரவழைக்கப் போகிறீர்களா என்று கேட்பார். வரவழைக்கலாம். ஆனால் அதற்கு முன் எஜமானியம்மாள் தன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, "முதலில் என் பீரோவைப் பாருங்கள்" என்று நீட்ட வேண்டும். அந்த ஒரு வரியை நான் எழுத முயன்று பார்த்தேன். அவள் கை இடுப்புவரை போகிறது. அதற்கு மேல் நகர மாட்டேனென்கிறது. பாத்திரத்தின் குற்றமா, ஆசிரியனின் குற்றமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.